கண்ணை மூடிக்கொண்டு ஏறுங்கள்

ரோலர் கோஸ்டர் உச்சியிலிருந்து தலைகுப்புற விழும் விநாடியில் ஒரு போட்டோ எடுத்து, இறங்கி வரும் வழியில் விற்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதில் கண்ணைத் திறந்து வைத்திருப்பவர்களை எண்ணிப் பாருங்கள். விரல் விட்டு எண்ணிவிடலாம். காசு கொடுத்து, வெயிலில் வரிசையில் நின்று, கடைசியில் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிற ஒரே பொழுதுபோக்கு இதுதான். (ஆபீஸ் மீட்டிங்கிலும் மூடுகிறோம். ஆனால் அதற்கு டிக்கெட் இல்லை.)

சரி, நிஜமாகவே கண் தெரியாத ஒரு குழந்தை அந்த வரிசையில் வந்து நின்றால்?

சில வருடங்களுக்கு முன், வேறொரு ஊரில், நண்பர் குடும்பத்தோடு ஒரு பூங்காவுக்குப் போயிருந்தேன். நண்பரின் மகளுக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. வாய் மட்டும் இரண்டு ஆளுக்குச் சமம். ராட்சத ராட்டினத்தின் கேட்டில் இருந்த பையன் அவள் கையிலிருந்த கம்பைப் பார்த்தான்.

"பாப்பாவுக்குக் கண்ணு தெரியாதா சார்? ஏத்த முடியாது சார். பயந்துரும்."

"அண்ணா, நீங்க மேல போறப்போ கண்ணைத் திறந்து வச்சிருப்பீங்களா?" என்று கேட்டாள் இவள்.

"நானா? நான் இதுல ஏறினதே இல்ல பாப்பா!"

கடைசியில் மேனேஜர் வந்து, மிகுந்த கருணையோடு, அவளைக் குட்டி ரயிலில் ஏற்றினார். அந்த ரயில் ஒரு தோட்டத்தைச் சுற்றி வரும். வழியெல்லாம் சிமென்ட் யானை, சிமென்ட் ஒட்டகச்சிவிங்கி. அதாவது, பார்ப்பதற்கென்றே ஏற்பட்ட ரயில்! ஒரு சுற்று முடிந்து வண்டி நின்றதும் அவள் கேட்டாள்: "எப்ப அங்கிள் ஆரம்பிக்கும்?"

அந்த மேனேஜர் கெட்டவர் இல்லை. கண் தெரியாதவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று கண் தெரிந்தவர்களே தீர்மானிப்பது நம் ஊர் வழக்கம், அவ்வளவுதான்.

கொஞ்சம் விஞ்ஞானம். ராட்டினத்தை அனுபவிப்பதில் பெரும் பங்கு கண்ணுக்கு இல்லை, காதுக்கு. உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், அவற்றில் திரவம். தலை சுழன்றால் மூளைக்குத் தந்தி அடிப்பது அதுதான். ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று சொல்ல, பக்கத்திலேயே பொடிப்பொடியாகச் சுண்ணாம்புத் துகள்கள். இது போக முகத்தில் அறையும் காற்று, சக்கரத்தின் தடதடப்பு, பக்கத்து சீட்டுக்காரர் குலதெய்வத்தைக் கூப்பிடும் சத்தம். பி.காம். பாஷையில் சொன்னால், கண்ணின் பங்கைக் கழித்த பிறகும் வரவுப் பக்கம் கனமாகத்தான் இருக்கிறது.

பூங்காக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ரைடு நடுவில் நின்றுபோனால் குறுகலான படிக்கட்டில் இறங்கி வர வேண்டியிருக்கும். எனவே துணைக்கு ஒருவர் வேண்டும், உயரம் எடை விதிகளும் வேண்டும். அவை எல்லாருக்கும் உள்ளவைதான். 'கண் தெரியாதா, தள்ளி நில்' என்பது விதியல்ல, சோம்பல்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, பொழுதுபோக்கையும் மற்றவர்களுக்குச் சமமான உரிமையாகவே பேசுகிறது. 46-ஆம் பிரிவு தனியார் சேவைகளையும் விட்டுவைக்கவில்லை. ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் 2005-ல் போட்ட வழக்கில், அணுகல் வசதிகள் வெறும் சிபாரிசாக இருந்தால் போதாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது.

அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் கோர்டன் ஹார்ட்மன் என்பவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. மாற்றுத்திறனாளியான தன் மகள் மார்கனோடு மற்றக் குழந்தைகள் விளையாடத் தயங்குவதைப் பார்த்தார். 2010-ல் 'மார்கன்ஸ் வொண்டர்லேண்ட்' என்று ஒரு பூங்காவையே கட்டிவிட்டார். மாற்றுத்திறனாளிகளுக்கு அங்கே டிக்கெட் இல்லை. எல்லா அப்பாக்களாலும் பூங்கா கட்ட முடியாது. இருக்கிற பூங்காவுக்குள் விட்டால் போதும்.

சிறுசேரி சிப்காட் நண்பர்களுக்கு இது இனி பக்கத்து வீட்டு விஷயம். 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா திறந்தாயிற்று. முதலில் டீம் அவுட்டிங் போவீர்கள். அப்புறம் லீவுக்கு அக்கா குழந்தைகள் வருவார்கள். அதில் ஒன்றுக்குப் பார்வை இல்லாமல் இருந்தால், எந்தப் பூங்காவானாலும் சில யோசனைகள்:

முதல் நாளே போன் போட்டு, எந்தெந்த ரைடில் ஏறலாம் என்று கேளுங்கள். விடுமுறை நாளைத் தவிருங்கள். கூட்டமில்லாத நேரத்தில் ஊழியர்களுக்கும் பொறுமை இருக்கும். சீட்டையும், மேலே பூட்டும் கம்பியையும் குழந்தை தொட்டுப் பார்க்கட்டும். 'கடிகாரச் சத்தம் மாதிரி டக்டக்கென்று ஏறும், அது நின்றதும் விழுவோம்' என்று உள்ளதைச் சொல்லுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை நீட்டுங்கள், அது பிடித்துக்கொள்ளும். முக்கியமாக, 'வேண்டாம்' என்று குழந்தை சொன்னால் விட்டுவிடுங்கள். மாட்டேன் என்பதை அந்தக் குழந்தை சொல்ல வேண்டும், கேட்டில் நிற்பவர் அல்ல.

பூங்கா முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. பல்வகைக் குறைபாடுடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இங்கேயே முட்டுக்காட்டில் இருக்கிறது. உங்கள் ஊழியர்களை ஒரு நாள் அங்கே அனுப்பி வைக்கலாம். பஸ் செலவுதான்.

அந்தக் குழந்தைக்கு அதில் என்ன தெரியப்போகிறது என்று இன்னமும் சந்தேகமாக இருக்கிறதா? அடுத்த முறை நீங்களே கண்ணை மூடிக்கொண்டு ஏறிப் பாருங்கள்.

எப்படியும் மூடத்தானே போகிறீர்கள்!