மே மாதக் குளிரில் 21 பேர் பலி: மலை ரேஸுக்குப் பேர் கொடுக்கும் முன் தாம்பரம் ரன்னர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ஞாயிறு அதிகாலை வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையிலோ, தாம்பரம் பைபாஸ் பக்கமோ போனால் ஷார்ட்ஸ், டிரைஃபிட் டி-ஷர்ட்டில் ஓடுகிறவர்களைப் பார்க்கலாம். முதலில் 10 கி.மீ., அப்புறம் ஹாஃப் மாரத்தான், அடுத்தது பலருக்கும் மலை ரேஸ் ஆசைதான். இவர்களுக்குத் தெரிந்த எதிரி வெயில். தண்ணீர், உப்பு, எலக்ட்ரால் எல்லாம் மறக்காமல் எடுத்துப் போவார்கள். ஆனா, மலையில் ஆளைச் சாய்ப்பது மழையில் நனைந்த அதே டி-ஷர்ட்.

சீனாவின் கான்சு மாகாணத்தில் 2021 மே 22 அன்று நடந்தது இதுதான். மஞ்சள் நதி கல்வனம் பகுதியில் 100 கி.மீ. மலை ஓட்டம். 172 பேர் காலை 9 மணிக்குக் கிளம்பினார்கள். மதியத்துக்குள் ஆலங்கட்டி, உறைய வைக்கும் மழை, சூறைக்காற்று மூன்றும் சேர்ந்து வந்தன. 21 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் ஒருவர் லியாங் ஜிங், சீனாவின் முன்னணி அல்ட்ரா ரன்னர். புதுசா ஓட வந்தவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள் என்ற நினைப்பு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

குளிர் திடீரென வந்தது உண்மை. ஆனால் பலத்த காற்று வீசும் என்ற எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. காற்றுத் தடுப்பு ஜாக்கெட் கட்டாயப் பட்டியலில் இல்லை. விருப்பம் இருந்தால் கொண்டு வரலாம் என்ற அளவில்தான் இருந்தது. சிலர் ஜாக்கெட்டைப் பையில் போட்டு, பல மணி நேரம் கழித்துப் போய்ச் சேரப்போகும் செக்பாயின்ட்டுக்கு முன்னாடியே அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது, மூன்றாவது செக்பாயின்ட்டுகளுக்கு இடையே செங்குத்தான ஏற்றம், வண்டி போக வழியில்லை. பெரும்பாலானோர் சிக்கியது அங்கேதான். ஆறு பேரைக் காப்பாற்றியது மீட்புப் படை இல்லை. குகை வீட்டில் நெருப்பு மூட்டி உட்காரவைத்த ஓர் ஆடு மேய்ப்பவர்.

‘அது சீனா, நமக்கென்ன’ என்று விட்டுவிட முடியாது. 2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்த்ர தால் மலையேற்றத்துக்குப் போன கர்நாடகக் குழுவில் 9 பேர் பனிப்புயலில் சிக்கி இறந்தார்கள். அது ரேஸ் இல்லை, ட்ரெக்கிங். அதுவும் பனிக்காலத்தில் நடக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

கொடைக்கானல் கணக்கு

ராத்திரி தாம்பரத்தில் ரயில் ஏறினால் விடிவதற்குள் கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து மேலே ஏறினால் சுமார் 2,100 மீட்டர் உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி குறையும். அதாவது தாம்பரத்தில் 28 டிகிரி என்றால் கொடையில் 14, 15. ஓடுவதற்கு அருமையான வெப்பநிலைதான், உடம்பு காய்ந்திருக்கிற வரைக்கும்.

நனைந்துவிட்டால் கணக்கே வேறு. காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும். மேலே காற்றும் அடித்தால் இன்னும் மோசம். வேகமாக ஓடும்போது தசைகள் தரும் சூடு அதை ஈடுகட்டும். நாலைந்து மணி நேரத்தில் சக்தி தீர்ந்து, ஓட்டம் நடையாகும்போது அந்தச் சூடும் குறைந்துவிடும். அதனால் ஜெயிக்கிறவரைவிட, கடைசியில் நடந்து வருகிறவருக்கு மழையில் ஆபத்து அதிகம்.

உடலின் உள்வெப்பம் வழக்கமான 37 டிகிரியில் இருந்து 35-க்குக் கீழே போனால் அது ஹைப்போதெர்மியா. நடுக்கம், விரல் மரத்து ஜிப்பைக்கூட இழுக்க முடியாமல் போவது, நாக்குக் குழறல், தள்ளாட்டம், பிறகு குழப்பம். நடுக்கம் நின்றுவிட்டால் ‘சரியாயிட்டார்’ என்று நினைக்காதீர்கள். நிலைமை முற்றியதற்கான அறிகுறியாகவும் அது இருக்கலாம். காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததைப் போர்த்த வேண்டும். தரைக் குளிர் ஏறாதபடி கீழேயும் ஏதாவது விரிக்க வேண்டும். நினைவு இருந்தால் சூடான இனிப்பு டீ. மலைக்குப் போனாலே சொல்லப்படும் அந்த ‘ஒரு பெக்’ வைத்தியம் மட்டும் வேண்டாம். மது தோலின் ரத்த நாளங்களை விரித்து உடல் சூட்டை வெளியே விட்டுவிடும். சூடு ஏறின மாதிரி தோன்றுவது அதனால்தான்.

பொறுப்பு யாருக்கு?

ஜாக்கெட் வாங்குவது ஓடுகிறவர் வேலை. அதைக் கட்டாயமாக்கி, கிளம்பும் இடத்தில் பையைத் திறந்து பார்ப்பது அமைப்பாளர் வேலை. ஆல்ப்ஸ் மலையில் நடக்கும் புகழ்பெற்ற யுடிஎம்பி ரேஸில் தொப்பியுடன் கூடிய மழை ஜாக்கெட் இல்லாமல் ஓட முடியாது. 2012-ல் வானிலை கெட்டபோது, 160 கி.மீ.-க்கும் அதிகமான பாதையை சுமார் 100 கி.மீ. ஆகக் குறைத்து ஓட வைத்தார்கள்.

மெடல், டி-ஷர்ட் படங்களை வைத்தே பல ரேஸ்கள் விளம்பரம் செய்யப்படுகின்றன. பணம் கட்டுவதற்கு முன்பு கேட்க வேண்டியவை வேறு: கட்டாயப் பொருள் பட்டியல் இருக்கிறதா? வண்டி போகாத பகுதி எத்தனை கி.மீ.? அங்கே ஆள் நிற்பார்களா? மழை கொட்டினால் ரேஸை நிறுத்தும் முடிவை எடுப்பது யார், எதை வைத்து? இதற்கு ‘அதெல்லாம் பாத்துக்கலாம் ப்ரோ’ என்று பதில் வந்தால், அந்த ரேஸை விட்டுவிடலாம்.