ஓட்டை ஜீப்பும் அரை லிட்டர் பிரேக் ஆயிலும்

பாச்சலூர்ல எங்க வீட்டு வாசல்ல ஒரு மஹிந்திரா எம்.எம்.540 நிக்குது. என்னைவிட மூத்தது. "காயலாங்கடைக்குப் போடுங்கப்பா"ன்னு சொல்லாத சொந்தக்காரன் கிடையாது. பத்தாததுக்கு, 20 வருஷம் தாண்டின கார், ஜீப்புக்குப் பதிவைப் புதுப்பிக்கிற கட்டணத்தை 2025 ஆகஸ்ட்ல 10,000 ரூபாயா ஏத்திட்டாங்க. ஆனா தோட்டத்து மண்பாதையில வாழைத்தாரோட ஏற வேற வண்டிக்கு எங்க போறது?

அதனால அப்பாவும் நானும் ரிப்பேரை நாங்களே பாத்துக்குவோம். 2112 சிசி பியூஜோ டீசல் எஞ்சின். கம்ப்யூட்டர், சென்சார் ஒண்ணும் கிடையாது. டீசல் ஃபில்டர் மாத்தி ஏர் எடுக்குறது, ஃபேன் பெல்ட், கிளட்ச் கேபிள் எல்லாம் நாலு ஸ்பானர்ல முடிஞ்சிரும். லீவுக்கு வரும்போதெல்லாம் ஆபீஸ் ஆணியை மறந்துட்டு இந்த ஆணிதான் :-)

இந்தப் பெருமையில மண்ணு விழுந்தது போன வருஷம். தார் ஏத்திக்கிட்டு வடகாடு பக்கமா இறங்கிட்டிருக்கோம். வரிசையா கொண்டை ஊசி வளைவு. திடீர்னு அப்பா, "டேய், பெடல் உள்ள போகுதுடா"ன்னார். அவர் செகண்ட் கியருக்கு மாத்தி ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கம் ஓடையில சக்கரத்தை விட்டு நிறுத்தினார். எனக்குப் பேச்சே வரல.

இறங்கிப் பாத்தா லீக் எங்கயும் இல்ல. அரை மணி நேரம் கழிச்சு மிதிச்சா பெடல் கல்லு மாதிரி நிக்குது! நம்ம பாஷையில சொன்னா, ரீப்ரொட்யூஸ் ஆகாத பக்.

காரணம் சிம்பிள். பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும். புது டாட்-3 ஆயிலோட கொதிநிலை குறைஞ்சது 205 டிகிரி. தண்ணி சேர்ந்தா 140 வரைக்கும் இறங்கலாம். நீண்ட இறக்கத்துல மிதிச்சுக்கிட்டே வந்தா டிரம் சூடாகி, ஆயில் கொதிச்சு ஆவியாகுது. ஆவியை அமுக்கினா அது சுருங்கும், பிரேக்குக்கு அழுத்தம் போகாது. ஆறினதும் மறுபடி ஆயிலாயிரும். நாங்க ஆறு வருஷமா குறைஞ்சப்ப ஊத்தினோமே தவிர, ஒரு தடவைகூட முழுசா மாத்தல. அதான் கெட்டுப்போகலையே!

இங்கதான் நான் சொல்ல வர்றது. நாமே ரிப்பேர் பண்றவங்க எல்லாரும் பண்ற தப்பு இது. கெட்டதைச் சரி பண்றது ரிப்பேர். கெடாததை மாத்துறதுதான் பராமரிப்பு. முதலாவதுல கெத்து இருக்கு, நாலு பேர் பாப்பாங்க. ரெண்டாவதுல ஒரு கெத்தும் இல்ல, தண்டச் செலவு மாதிரியே தெரியும். சில நூறு ரூபா ஆயிலை மிச்சம் பிடிச்சு, அப்பாவைப் பள்ளத்துல தள்ளத் தெரிஞ்சேன். வண்டிக்கு வயசாச்சுங்கறது குத்தமில்ல. தேதி எழுதி வைக்காததுதான் குத்தம்.

இப்ப ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் முழுசா மாறும். நான் பெடலை மிதிக்க, அப்பா வீல் வீலா ஏர் எடுப்பார். வீல் சிலிண்டர் ரப்பரும் புதுசுதான், பழசைத் துடைச்சுப் போடுற வேலையே இல்ல. தேதி டேஷ்போர்டுல பெயிண்ட்ல எழுதியிருக்கு.

பெயிண்ட்ல எழுதினது அப்பா. என் எக்செல் ஷீட்டை அவர் நம்பல.

டிஸ்கி: டீசல் பம்ப்பைக் கழட்டிப் பாக்கலாம்னு ஒரு ஐடியா இருந்துச்சு. அதை மட்டும் பம்ப் கடையிலேயே கொடுத்துட்டேன். எல்லாத்தையும் நாமே பண்ணக் கூடாதுங்கறதும் பராமரிப்புதான்.