குறிஞ்சியை நடந்து கற்போம்

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என நானிலமும் ஒரு மாவட்டத்துக்குள் அமைந்த பேறு நம் குமரி மண்ணுக்கு உண்டு. எனினும், குறிஞ்சியின் முதல், கரு, உரிப்பொருள்களைப் பிழையின்றி எழுதி மதிப்பெண் பெறும் மாணவருள் பலர், கண்ணெதிரே நிற்கும் மலைக்காட்டில் ஒரு நாழிகையேனும் நடந்ததில்லை. கல்விச் சுற்றுலா என்றால் ஊட்டியும் கொடைக்கானலுமே நினைவுக்கு வருகின்றன. வேங்கையும் காந்தளும் வினாத்தாளில் மட்டுமே பூக்கின்றன. இக்குறையைத் தமிழ்த்துறைகளே களைதல் வேண்டும் என்பது நம் கருத்து.

காட்டுவழி நடத்தல் மேலைநாட்டார் தந்த பொழுதுபோக்கு என்பார் மலைபடுகடாத்தை மீண்டும் பயில்வாராக. நன்னனை நாடிச் செல்லும் கூத்தருக்கு மலைவழியின் இயல்பை 583 அடிகளில் விரித்துரைக்கும் நூல் அது. பன்றிக்கு வைத்த கற்பொறிகள் உள்ளமையால் இருளில் செல்லாது விடிந்தபின் செல்லுமாறு அது எச்சரிக்கிறது. வழிகள் பிரியுமிடத்தில், பின்வருவோர் திகைக்காவண்ணம் புல்லை முடிந்து அடையாளமிடவும் பணிக்கிறது. பாதையில் கிடக்கும் இடர்ப்பொருளை அகற்றுதல் ஈமானின் கிளைகளுள் ஒன்று என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. பின்வருவோரை எண்ணி நடத்தல் இரண்டுக்கும் பொதுவான அறமன்றோ!

அச்சம் எழுவது இயல்பே. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீயில், மலையேறச் சென்றோருள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரம் உணர்த்துவது ‘போகாதே’ என்பதன்று; ‘முறையோடு போ’ என்பதே. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளை முன்பதிவு, வழிகாட்டி ஆகிய ஒழுங்குகளுடன் அறிவித்தது. அவற்றுள் காளிகேசம்–பாலமோர் பாதை நம் மாவட்டத்தது. 2008 முதல் நம் மலைக்காடு வன உயிரினச் சரணாலயமாகவும் விளங்குவதால், வனத்துறையின் இசைவின்றி நுழைதல் தகாது. தீப்பற்றும் கோடையையும் அடைமழைக் காலத்தையும் தவிர்த்தல் நன்று.

வழிகாட்டிகளை ஏவலராகக் கருதலாகாது, அவர்கள் ஆசிரியர்கள். 1987இல் அகத்தியமலைக் காட்டில் தாவர ஆய்வாளருடன் சென்ற காணி மக்கள், களைப்பின்றி நடந்ததன் காரணத்தை வினவியபோது ஒரு செடியின் காயைக் காட்டினர். அதுவே ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்து உருவாயிற்று. உரிமத்தொகையில் காணிகளுக்கும் பங்கு கிடைத்தது. ஏட்டில் இல்லாத அறிவு காட்டில் உண்டு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

சமுதாயப் பெரியோர்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய பயணங்களில் மாணவியரை விலக்கிவிடும் வழக்கம் நம்மிடையே உள்ளது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயரை அடுக்கிச் சொல்பவள் தோழி. அம்மலர்களை மலைச்சாரலில் திரிந்து கொய்தவர்களும் தலைவியும் தோழியுமே. அப்பாட்டை மனனம் செய்யும் நம் பெண்மக்கள் அவற்றுள் ஒரு மலரையேனும் கொடியில் காணவேண்டாமா? ஆசிரியைகள் உடன்செல்ல, பகலிற் சென்று பகலிலேயே திரும்பும் பயணத்துக்குப் பெற்றோர் இசைவளித்தல் வேண்டும்.

ஆண்டுதோறும் இறுதியாண்டு மாணவ மாணவியர் சிறு குழுக்களாகச் சென்று, மரஞ்செடிகளுக்குக் காணி மக்கள் வழங்கும் பெயர்களைக் கேட்டுத் தொகுப்பார்களாயின், சில ஆண்டுகளில் அது நம் துறையின் சொற்களஞ்சியமாகும். ஞெகிழிப் பைகளையும் உடைந்த புட்டிகளையும் விட்டுவருவதா, பின்வருவோர்க்குப் புல்முடிந்து வைப்பதா என்பதை நம் மாணவச் செல்வங்கள் தெளிந்து நடப்பார்களாக!