வருமானக் கோட்டுக்கு அப்பால் வறுமை

ஏழை யார் என்ற கேள்விக்கு உலக வங்கி ஒரு தொகையை விடையாகத் தருகிறது. 2025 ஜூனில் அத்தொகை நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக உயர்த்தப்பட்டது. அதனால் எவருடைய வாழ்வும் மாறவில்லை; ஏழைகளின் எண்ணிக்கை மட்டுமே மாறியது.

இக்குறையைப் போக்கவே உடல்நலம், கல்வி, வாழ்க்கைத் தரம் ஆகியவற்றை அளக்கும் பல்பரிமாண வறுமைக் குறியீடு 2010-இல் அறிமுகமானது. நீதி ஆயோக் 12 அளவைகளைக் கொண்டு கணக்கிட்டதில், 2019-21 காலத்தில் இந்தியாவில் 14.96 சதவீதத்தினரும் தமிழ்நாட்டில் 2.20 சதவீதத்தினரும் ஏழைகள். முன்னேற்றம் உண்மையானது. ஆயினும், வீட்டில் எவருக்கேனும் வங்கிக் கணக்கு உண்டா என்று பார்க்கும் இக்குறியீடு, அவ்வீட்டின் கடன் எவ்வளவு என்று பார்ப்பதில்லை.

இஸ்லாத்தின் கட்டாயக் கொடையான ஜகாத் இந்த இடைவெளியை நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுகொண்டது. அதைப் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைக் குர்ஆனின் 9-ஆம் அத்தியாயம், 60-ஆம் வசனம் வரையறுக்கிறது. வறியவர், தேவையுடையோர் ஆகியோருடன் கடனாளியும் வழிப்போக்கரும் அதில் தனித்தனியே இடம்பெறுகின்றனர். மாத ஊதியம் பெற்றும் மருத்துவக் கடனில் மூழ்கியவர் அரசின் கணக்கில் ஏழையல்லர். ஜகாத்தின் கணக்கில் உரிமையுடையவர்.

மலேசியாவின் ஜகாத் அமைப்புகள் இதனை நடைமுறையாக்கியுள்ளன. ‘ஹத் கிஃபாயா’ எனும் போதுமை வரம்பைக் குடும்பந்தோறும் அவை கணக்கிடுகின்றன. உறுப்பினர்களின் வயது, வீட்டுச் செலவு, படிப்பு, நோய், உடற்குறைபாடு ஆகியவற்றுக்கேற்ப அவ்வரம்பு மாறும். எனவே, ஒரே வருமானமுள்ள இரு குடும்பங்களில் ஒன்று உதவி பெறலாம். மற்றொன்று பெறாமல் போகலாம்.

மாநிலங்களை ஒப்பிட இத்தகைய அளவுகோல் உதவாது. அதற்குப் பொதுக் குறியீடே தேவை. வீடுதோறும் விசாரிப்பது பெறுவோரின் கண்ணியத்தைக் குலைக்கும் அபாயமும் உண்டு. ஆனால், யாருக்கு, எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்ய சராசரிகள் போதா.

இதில் இரு தரப்புக்கும் பாடம் உண்டு. தேசிய மாதிரி ஆய்வு கடன் விவரங்களைத் தனியே திரட்டுகிறது. வறுமையின் அளவீட்டிலும் கடனுக்கு அரசு இடமளிக்க வேண்டும். ரமலானில் பலருக்குச் சிறு தொகைகளைப் பகிர்ந்தளிக்கும் ஜமாஅத்துகள், பெறுபவர் தன்னிறைவு அடையும் அளவுக்குக் கொடுக்க வேண்டும் என்ற சட்ட அறிஞர் பலரின் கருத்தைச் செயலாக்க வேண்டும். நூறு பேருக்கு ஒருவேளைச் செலவுக்கு வழங்குவதைவிட, ஒரு குடும்பத்தைக் கந்துவட்டியிலிருந்து மீட்பது அந்தக் கடமையின் நோக்கத்துக்கு நெருக்கமானது.