மூன்று வயது ஊசியை ஏன் தவறவிடக்கூடாது?

கடுகண்ணாவையில் எனது அயலில் வசிக்கும் இளம் தாய் ஒருவர் பிள்ளையின் தடுப்பூசி அட்டையைக் காட்டிக் கேட்டார்: "ஆறு மாசம் கடந்ததும் சின்னமுத்து ஊசி போட்டாங்க. ஒன்பது மாசத்திலயும் போட்டாங்க. இப்ப மூனு வயசாகுது, திரும்பவும் வரச் சொல்றாங்க. அப்போ முதல்ல போட்டது வேலை செய்யலையா?"

நியாயமான கேள்வி. இதற்கான பதில் இலங்கையின் தடுப்பூசி வரலாற்றிலேயே இருக்கிறது.

1984ஆம் ஆண்டு முதல் இங்கு சின்னமுத்துத் தடுப்பூசி ஒன்பதாம் மாதத்தில் வழங்கப்பட்டது. 2001இல் மூன்று வயதில் இரண்டாவது ஊசி சேர்ந்தது. 2011இல் சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான கூட்டுத் தடுப்பூசி அறிமுகமானபோது, முதல் ஊசி பன்னிரண்டாம் மாதத்துக்குத் தள்ளப்பட்டது.

அதற்கு அறிவியல் ரீதியான காரணம் உண்டு. கர்ப்பத்தில் தாயிடமிருந்து குழந்தைக்குப் பிறபொருளெதிரிகள் கடத்தப்படுகின்றன. இந்தத் தடுப்பூசியில் இருப்பதோ பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அது குழந்தையின் உடலில் சிறிதளவு பெருகினால்தான் நிர்ப்பீடன ஞாபகம் உருவாகும். தாயின் பிறபொருளெதிரிகள் எஞ்சியிருந்தால் பெருகுவதற்கு முன்பே வைரஸை அழித்துவிடும். ஒன்பதாம் மாதத்தில் ஊசி பெறும் 100 குழந்தைகளில் சுமார் 85 பேருக்கே பாதுகாப்பு கிடைக்கிறது. பன்னிரண்டாம் மாதத்தில் இது ஏறக்குறைய 95 ஆகிறது.

ஆனால், 2013, 2014ஆம் ஆண்டுகளில் சின்னமுத்து பரவியபோது, பாதிக்கப்பட்டவர்களில் கணிசமானோர் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள். நோய் கண்டு குணமான அந்தக்காலத் தாய்மார் பிள்ளைகளுக்குக் கூடுதலான பிறபொருளெதிரிகளைக் கொடுத்தார்கள். தடுப்பூசியால் பாதுகாப்புப் பெற்ற இன்றைய தாய்மார் கொடுப்பது குறைவு. அதுவும் சில மாதங்களில் தீர்ந்துவிடுகிறது. தாயின் பாதுகாப்பு முடிந்து, ஊசியின் பாதுகாப்பு தொடங்காத அந்த இடைவெளியில்தான் குழந்தைகள் நோய்க்கு ஆளானார்கள். 2015இல் முதல் ஊசி மீண்டும் ஒன்பதாம் மாதத்துக்கே கொண்டுவரப்பட்டது.

ஆக, ஒன்பதாம் மாத ஊசி ஒரு சமரசம். அதில் பாதுகாப்புக் கிடைக்காமல் போகும் குழந்தைகளுக்கான இரண்டாவது வாய்ப்பே மூன்று வயது ஊசி. இரண்டும் பெற்றவர்களில் சுமார் 97 சதவீதமானோர் பாதுகாப்புப் பெறுகிறார்கள். யாருக்கு முதல் ஊசி பலித்தது, யாருக்குப் பலிக்கவில்லை என்று கிளினிக்கில் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடுகிறார்கள்.

ஏற்புவலியின் கதை வேறு. 2008இல் இங்கு அறிமுகமான ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியில் அதுவும் அடங்கும். 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றின்படி, ஏற்புவலிக்கு எதிரான பிறபொருளெதிரிகள் சுமார் 11 ஆண்டுகளில் பாதியாகக் குறைகின்றன. சின்னமுத்துக்கு எதிரானவை பல தசாப்தங்களாகியும் பெரிதாகக் குறைவதில்லை. ஏற்புவலி நஞ்சு வேலையைக் காட்டும்போது, ஞாபகக் கலங்கள் விழித்தெழுந்து புதிதாகப் பிறபொருளெதிரிகளை உருவாக்க அவகாசம் கிடைப்பதில்லை. எனவே இரத்தத்தில் அவை எப்போதும் தயாராக இருக்க வேண்டும். ஒன்றரை வயதிலும், ஐந்து வயதிலும், பாடசாலையிலும், பிறகு கர்ப்ப காலத்திலும் ஊசி தொடர்வது இதனால்தான்.

2019இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடாக உலக சுகாதார ஸ்தாபனத்தால் அங்கீகரிக்கப்பட்டது. 2023இல் நோய் திரும்பிவந்தது. 2024 ஜனவரியில் கண்டி உட்பட ஒன்பது மாவட்டங்களில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு மேலதிக ஊசி போடப்பட்டது. அந்த வயதில் பலன் குறைவு என்பதால் அது வழமையான இரண்டு ஊசிகளில் ஒன்றாகக் கணக்கிடப்படவில்லை. அதே ஆண்டு நவம்பரில் 20 முதல் 30 வயதுடையவர்களும் அழைக்கப்பட்டார்கள்.

சின்னமுத்தைச் சாதாரண அம்மை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. தடுப்பூசி பெறாத நெதர்லாந்துச் சிறுவர்களிடம் நடத்தி 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நோய்க்குப் பின் அவர்கள் மற்றைய கிருமிகளுக்கு எதிராக வைத்திருந்த பிறபொருளெதிரிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை இழந்திருந்தது தெரியவந்தது. அதாவது, இந்த நோய் உடல் சேர்த்துவைத்த ஞாபகத்தையே அழித்துவிடுகிறது.

ஒன்றரை வயது ஊசிக்கும் மூன்று வயது ஊசிக்கும் இடையில் ஒன்றரை வருட இடைவெளி இருக்கிறது. தாய் வேலைக்குத் திரும்புவதும், குடும்பம் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு இடம்மாறுவதும் இந்தக் காலத்தில்தான் அதிகம். "வாங்க" என்று அட்டையில் திகதி எழுதிக்கொடுப்பது மட்டும் போதாது. ஏன் வர வேண்டும் என்பதையும் தாய்க்கு விளங்கும் மொழியில், தமிழ் பேசும் இடங்களில் தமிழில், சொல்ல வேண்டும். குடும்பநல உத்தியோகத்தர் செலவிடும் அந்த இரண்டு நிமிடம், முதல் ஊசி பலிக்காமல்போன ஒரு பிள்ளையைக் காப்பாற்றும்.