குளியலறையில் விழுந்தவர் எந்தக் கணக்கிலும் இல்லை

எங்கள் மண்ணூர்பேட்டை வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. அங்கே ஒரு தொழிலாளியின் விரல் நசுங்கினால் விபத்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். 48 மணி நேரம் அவரால் வேலைக்கு வர முடியாவிட்டால் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. எல்லா முதலாளிகளும் ஒழுங்காக எழுதினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எழுதுவதற்கு ஒரு பதிவேடாவது இருந்தது.

நம் வீடுகளில் அதுவும் இல்லை.

பக்கவாதம் வந்த என் மனைவியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஏஜென்சி ஒரு பெண்ணை அனுப்பியது. ஒருநாள் குளிப்பாட்டித் தூக்கும்போது ஈரத்தரையில் வழுக்கி விழுந்தார். என் மனைவியை விடாமல் பிடித்துக்கொண்டதில் அவருடைய மணிக்கட்டு பிசகிவிட்டது. "ஏஜென்சிக்குச் சொல்லாதீங்கப்பா, வேற ஆளை அனுப்பிடுவாங்க" என்றார். மறுநாள் கை வீங்கிவிட்டது, சொல்லும்படி ஆயிற்று. மாலைக்குள் வேறு பெண் வந்துவிட்டார். போனவருக்கு வைத்தியம் யார் பார்த்தார்கள், எத்தனை நாள் கூலி போயிற்று என்று நான் கேட்கவில்லை. அவர் கையில் 500 ரூபாய் கொடுத்ததோடு சரி. காலமெல்லாம் அரசு அலுவலகத்தில் பதிவேடு எழுதியவன், என் வீட்டில் நடந்ததை ஒரு வரி எழுதவில்லை. ஒரு மாதத்தில் புதிதாக வந்தவரும் அதே இடத்தில் வழுக்கினார். அதன்பிறகுதான் சுவரில் கைப்பிடி வைத்தேன்.

"நம்ம வீட்டுப் பெண் மாதிரி" என்று சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் நாம் ஒளிந்துகொள்கிறோம். ஒருவர் சம்பளத்துக்கு உழைக்கும் வீடு வேலையிடம்தான். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாகவே சேர்த்திருக்கிறது. பெரியவர் கை நீட்டினாலும், மகன் தகாத வார்த்தை பேசினாலும் "வயசாச்சு, விடும்மா" என்று மூடிவிட முடியாது. மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் புகார் போகலாம்.

சில விபத்துகளில் தாமதமே ஆபத்து. இன்சுலின் போட்டுவிட்டு ஊசி தன் விரலில் குத்திவிட்டால், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. வேலை போய்விடும் என்று பயந்து வாயை மூடிக்கொள்ளும் பெண்ணுக்கு அந்த நேரம் வீணாகிறது. சொன்னவரை மாற்றுவதுதான் ஏஜென்சியின் நடவடிக்கை என்றால், அடுத்தவர் சொல்லவே மாட்டார்.

"இந்த வயதில் நமக்கு ஏன் வம்பு?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தூக்குகிறவர் விழுந்தால் தூக்கப்படுகிறவரும் விழுவார். இடுப்பெலும்பு முறிந்து படுக்கப்போவது நாம்தான்.

ஆள் வைக்கும்போதே ஏஜென்சியிடம் கேளுங்கள்: இந்தப் பெண்ணுக்கு இ.எஸ்.ஐ. உண்டா? அடிபட்டால் செலவு யாருடையது? ஓய்வு நாட்களுக்குச் சம்பளம் உண்டா? குணமானதும் வேலை திரும்பக் கிடைக்குமா? பதில் சொல்லத் தயங்கும் ஏஜென்சி வேண்டாம்.

பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வையுங்கள். தேதி, நேரம், நடந்தது என்ன, என்ன செய்தோம், இருவர் கையெழுத்து. அன்றே அதைப் படமெடுத்து ஏஜென்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அந்தப் பெண்ணிடமும் ஒரு நகல் இருக்கட்டும். என் வீட்டு நோட்டின் முதல் பக்கத்தில், காலம் கடந்துதான் என்றாலும், அந்த மணிக்கட்டை எழுதி வைத்திருக்கிறேன்.