அட்டைப்பெட்டிக் கரி எதுக்கு?

மொட்டைமாடியில் கோழி சுடும் நகரத்து நண்பர்களே, அட்டைப்பெட்டியில் வரும் கரிக்கட்டிக்கு ஏன் இவ்வளவு காசு கொட்டுறீங்க? கரித்தூளில் மாவுப்பசை சேர்த்து அச்சில் அழுத்தினது அது. சீரா எரியும், ஒத்துக்கிறேன். ஆனா குச்சி கிழிச்சதும் பத்திக்கிற ரகத்தில் எரியெண்ணெய் ஊறியிருக்கு. அவசரப்பட்டு இறைச்சியை வெச்சா அந்த வாடைதான் ஏறும்.

எங்க ராமநாதபுரம் பக்கம் சீமைக்கருவேலத்தை அடுக்கி, மண் பூசி, நாள்கணக்கா மூட்டம் போட்டு எடுக்கிற கரி இருக்கே! இதோட பங்காளி மரத்தைத்தான் டெக்சாஸ்காரன் மெஸ்கீட்னு கொண்டாடுறான். மரம் அழியுமேன்னு கவலையா? வெட்ட வெட்டத் துளிர்த்து எங்க நிலத்தை முழுங்குற மரம் அது.

தட்டிப் பாருங்க: கணீர்னா நல்ல கரி. எரியும்போது விடாமப் புகைஞ்சா சரியா வேகாத கரி. பெட்டிக்குக் கொடுக்கிற காசு, மூட்டத்துப் புகையில் நிக்கிறவனுக்குப் போகட்டும்.